ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது கோடி

தலைவர் வீட்டிலிருந்து பிளம்பருக்கு வரவேண்டிய பாக்கி ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். ஹார்டுவேர் கடை முதலாளிக்குப் பிளம்பர் கொடுக்கவேண்டிய பாக்கியும் ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.

இரண்டும் ஒரே பணம்தான். தலைவர் வீட்டில் போட்ட குழாய், வளைவு, வால்வு எல்லாம் அந்தக் கடையில் கடனுக்கு எடுத்தவை. கூலி இதில் சேராது. கூலியைத் தலைவரின் உதவியாளர், "அது நீ கட்சிக்குச் செஞ்ச தொண்டா இருக்கட்டும்" என்று அன்றைக்கே கழித்துவிட்டார். பிளம்பர் எந்தக் கட்சியிலும் இல்லை. இருந்தாலும் தொண்டு செய்து முடித்திருந்தார்.

ஆறு மாதம் ஓடிவிட்டது. நேற்றுக் கடை முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் கடை சாத்துறதுக்குள்ள பணம் வரணும். வரலைன்னா உன் மொபெட் இங்கயே நிக்கும். நீ நடந்து வீட்டுக்குப் போ."

மொபெட் போனால் பிளம்பருக்குக் கை கால் போன மாதிரி. நீளக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற வயது அவருக்குத் தாண்டிவிட்டது. சந்தேகம் இருந்தால் அவர் முழங்காலைக் கேட்கலாம்.

காலையில் அவர் வாசற்படியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். உள்ளே மனைவி வெங்காயம் உரித்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் ஒரு கேட் தெரிந்தது. சாத்திய கேட். அதே தலைவர் வீட்டுக் கேட். 'மூன்றாவது நாளாக வெளியே வராத தலைவர்' என்று கீழே எழுத்து ஓடியது. கேட்டுக்கு முன்னால் ஒரு நாய் வந்தது, மோந்தது, போய்விட்டது. அந்த நாயைச் சிவப்பு வட்டம் போட்டு மறுபடியும் காட்டினார்கள்.

செய்தி என்றாலே எழுந்து போய்விடுகிறவள், இந்த மூன்று நாளாக அந்தக் கேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவளையும் அரசியல் பிடித்துக்கொண்டதே என்று பிளம்பர் நினைத்துக்கொண்டார்.

"என்னங்க, இன்னைக்கு அங்க போங்க."

"எங்க?"

"தலைவர் வீட்டுக்குத்தான். பணத்தைக் கேளுங்க. இன்னைக்குக் குடுப்பாங்க."

"உனக்கு என்ன கிறுக்கா? ஊர்ல இருக்கிற கேமரா பூரா அந்த வாசல்லதான் நிக்குது. கட்சி உடையப்போகுதாம், ஆட்சி கவிழப்போகுதாம். இதுல நான் போய் குழாய்க் காசு கேக்கணுமா?"

"போகாம இருந்தா மட்டும் வண்டி நம்மகிட்ட இருக்குமா?"

பிளம்பர் வாசலில் நின்ற மொபெட்டைப் பார்த்தார். "அந்த வக்கீல் வீட்டுப் பாக்கியாவது வந்தா..." என்று இழுத்தார்.

"அது கிடக்கட்டும். முதல்ல பெரிய இடம்." அவளே எழுந்து சாமான் பையை எடுத்தாள். ரெஞ்சு, ரம்பம், டேப், நீளமான வால்வுச் சாவி எல்லாவற்றையும் திணித்தாள். "வெறுங்கையை வீசிக்கிட்டுப் போனா கடன் கேக்க வந்தவன்னு தெரிஞ்சு கதவைத் திறக்க மாட்டாங்க. சாமானோட போனா வேலைக்கு வந்தவன்னு திறப்பாங்க."

பிளம்பர் பையைத் தூக்கிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் இவள் இவ்வளவு யோசிப்பாள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

தலைவர் வீட்டுத் தெருவில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது. தலையில் குடையைக் கவிழ்த்த மாதிரி வேன்கள் வரிசையாக நின்றன. தரையெல்லாம் ஒயர். கேட்டுக்கு நேர் எதிரே ஒரு நிருபர் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் திறக்கவில்லை. இதோ, இப்போதும் திறக்கவில்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நொடியிலும்..." அவள் கண் பிளம்பரின் பையில் விழுந்தது. மைக் அவர் மூக்குக்குக் கீழே வந்துவிட்டது.

"ஐயா, நீங்க யாரு?"

"பிளம்பரும்மா."

"உண்மையில யாரு?"

"உண்மையிலயும் பிளம்பர்தான்."

"பைக்குள்ள என்ன இருக்கு?"

"ரெஞ்சு."

அதற்குள் கேட் ஒரு முழம் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. கேட் மறுபடி சாத்திக்கொண்டது. மூன்று நாளாக யாருக்கும் திறக்காத கேட் அது.

அவர் கூடத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே அங்கிருந்த டிவியில் அவர் முதுகு தெரிந்தது. 'கேட் திறந்தது! மூட்டையோடு நுழைந்த மர்ம மனிதர் யார்?' அவர் சட்டை முதுகில் இருந்த கிழிசலை இன்றுதான் அவரே முதல்முறையாகப் பார்த்தார். காலையில் அவள் சொல்லியிருக்கலாம்.

இழுத்த கை உதவியாளருடையது. "வாய்யா, வா! கடவுளா பாத்து அனுப்பினான் உன்னை."

"ஐயா, அந்தப் பாக்கி..."

"பாக்கி எங்கயும் ஓடிடாது. வீட்டுல மூணு நாளா சொட்டுத் தண்ணி இல்லய்யா!"

"அடடா. எனக்கு ஒரு போன் போட்டிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேனே."

உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தினம் காலையில பாக்கி பாக்கின்னு கூப்பிட்டியா, உன் நம்பர் வராம தடுத்து வெச்சுட்டேன். அப்புறம் நம்பரும் காணோம், தடுத்ததை எப்படி எடுக்கறதுன்னும் தெரியல."

"வேற ஆளு கிடைக்கலையா?"

"வேற ஆளா? நல்லா சொன்ன போ. அவன் வெளிய போய் சொல்லிட்டான்னா?" உதவியாளர் சுவரைக் காட்டினார். அங்கே ஆள் உயரப் படத்தில் தலைவர் ஒரு குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். 'வீட்டுக்கு வீடு குழாய், குழாய்க்குக் குழாய் தண்ணீர்' என்று போட்டிருந்தது. தலைவர்தான் தண்ணீர் இலாகா அமைச்சர்.

"அதுக்காக வெளியவே வராம இருக்கணுமா?"

அப்போது குளியலறைக் கதவு லேசாகத் திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிளம்பர் ஓரடி பின்னால் நகர்ந்தார். நெற்றி புருவம்வரை கறுப்பு. காது இரண்டும் கறுப்பு. கழுத்தில் கறுப்பு வழிந்து காய்ந்திருந்தது. நடுவில் இரண்டு கண் மட்டும் கோபமாக முழித்தன.

"யாருய்யா இது?" என்றது தலை.

"பிளம்பர் தலைவரே."

"சீக்கிரம்!" என்றது தலை. கதவு சாத்திக்கொண்டது.

உதவியாளர் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குக் கட்சியோட பெரிய கூட்டம். கிளம்பறதுக்கு முன்னாடி தலைக்கு மை போட்டுக்கிட்டாரு. கழுவலாம்னு குழாயைத் திறந்தா அது ரெண்டு தடவை இருமிச்சு, அவ்வளவுதான். குடிக்க வெச்சிருந்த பாட்டில் தண்ணியை ஊத்தித் துடைச்சோம். அது பரவிடுச்சு. இந்த மூஞ்சியோட எப்படிக் கூட்டத்துக்குப் போறது? போகலையா, கோவம்னு போட்டான் ஒருத்தன். ராஜினாமான்னு போட்டான் இன்னொருத்தன். வாசல்ல கடை விரிச்சுட்டாங்க. பின்பக்கமும் ஒரு கேமரா காவல் நிக்குது. இப்ப ஒரு வாளித் தண்ணிகூட உள்ள கொண்டுவர முடியல."

பிளம்பர் ஒரு முடிவுக்கு வந்தார். தண்ணீர் வரவைத்தால் பணம் வரும். பணம் வந்தால் மொபெட் தங்கும். பையைத் திறந்தார்.

மொட்டைமாடித் தொட்டி காய்ந்து கிடந்தது. 'மொட்டைமாடியில் நடமாட்டம்!' என்று டிவி சொன்னது. தரைத்தொட்டியும் காய்ந்து கிடந்தது. மோட்டாரில் கோளாறு இல்லை. குழாயில் ஓட்டை இல்லை. தெருவிலிருந்தே தண்ணீர் வரவில்லை. அப்படியானால் பார்க்கவேண்டிய இடம் ஒன்றுதான். வெளிச்சுவரை ஒட்டித் தெருவில் ஒரு சிலாப்பு, அதற்கடியில் வால்வு. அவரே வைத்தது.

கேட் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். சிலாப்பைக் காணோம். அதன்மேல் ஒரு டிவி வேன் நின்றுகொண்டிருந்தது.

வெளியே போய் வேன் டிரைவரைத் தட்டி எழுப்பினார். "தம்பி, வண்டியை நாலடி முன்னாடி எடுப்பா."

டிரைவர் ஒரு கண்ணைத் திறந்தான். "எதுக்கு?"

"அடியில ஒரு வேலை இருக்கு."

"அண்ணே, இந்த இடத்தைப் பிடிக்க நான் அன்னைக்கு முதல் ஆளா ஓடி வந்தேன். நாலடி நகர்ந்தா பக்கத்து சேனல்காரன் மூக்கை நுழைச்சுடுவான். என் வேலை போயிடும். ஒன்னுக்குப் போகக்கூட நான் யோசிச்சுத்தான் போறேன்."

பிளம்பர் உள்ளே போய் உதவியாளரை அழைத்துவந்தார். உதவியாளர் கேட்டுக்குள்ளிருந்தபடியே அதிகாரமாகக் கையை வீசினார். "வண்டியை எடுங்க! பாதையை விடுங்க!"

 எல்லா மைக்கும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. 'பாதையை விடச் சொல்கிறார் உதவியாளர்! வரப்போவது யார்? தலைமையே நேரில் வருகிறதா?' பாதை விடுவதற்குப் பதிலாக இன்னும் ஐந்து வேன்கள் வந்து சேர்ந்தன. சிலாப்புமேல் நின்ற வேனுக்கு முன்னாலும் ஒன்று, பின்னாலும் ஒன்று. இனி டிரைவரே நினைத்தாலும் நகர முடியாது.

"இப்ப என்னய்யா பண்றது?" என்றார் உதவியாளர்.

"கேன் தண்ணி வாங்கிட்டு வரேன். சாக்கு போட்டு மூடிக் கொண்டாந்துடறேன். முதல்ல தலைவர் தலையைக் கழுவட்டும்."

நல்ல யோசனைதான். மொபெட்டில் ஒரு நடைக்கு இரண்டு கேன். பிளம்பர் நாலு நடை போனார். சாக்குப் போட்டு இறுக்கிக் கட்டியும் கேன் கேன் மாதிரியேதான் தெரிந்தது. ஒவ்வொரு நடைக்கும் கேமராக்கள் தலையைத் திருப்பி அவரை உள்ளே அனுப்பிவைத்தன. நாலாவது நடையில் நிருபர் பெண் கேட்டாள், "அண்ணே, ஒரு ஆளுக்கு எதுக்கு எட்டு கேன்?"

பிளம்பர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தலைவர் மானம் போகும், தன் பாக்கியும் போகும்.

டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர் பலகையில் கணக்குப் போட்டார். "எட்டு கேன், நூற்று அறுபது லிட்டர். ஒரு மனிதர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிப்பார். ஆகவே உள்ளே இருப்பவர்கள் ஐம்பத்து மூன்று பேர். சமையல்காரர், காவலாளி, வேலைக்காரர்கள் பதின்மூன்று பேரைக் கழியுங்கள். மீதி நாற்பது. ஆட்சியைக் கவிழ்க்க எத்தனை சட்டமன்ற உறுப்பினர்கள் வேண்டும்? சரியாக நாற்பது!"

அவரே அதிர்ந்துபோய்ச் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே போட்டார்.

'நாற்பது உறுப்பினர்கள் தலைவர் வீட்டில் சிறைவைப்பு!' எழுத்து சிவப்பாகி, பெரிதாகி, திரை முழுக்க நிரம்பியது.

வீட்டுத் தொலைபேசி அலறியது. உதவியாளர் எடுத்தார், நிமிர்ந்து நின்றார், வியர்த்தார். "இல்லைங்க. கட்சியை உடைக்கலைங்க. நாப்பது பேரும் இல்லைங்க. நானும் அவரும்தான். தலைவரா? அவரு... கொஞ்சம் நுரையோட இருக்காருங்க." போனை வைத்தார். வைக்க வைக்க மறுபடி அடித்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ அழுதார்கள்.

"யாருங்க?" என்றார் பிளம்பர்.

"நம்ம எம்.எல்.ஏ. ஒருத்தர். 'நாப்பது பேர்ல என்னைச் சேக்கலையே, நான் என்ன பாவம் பண்ணேன்'னு கேக்கறாரு. இவரோட ஏழு பேர் ஆச்சு."

குளியலறையிலிருந்து ஒரு கர்ஜனை வந்தது. தலைவர் எட்டு கேனையும் மைமேல் ஊற்றிப் பார்த்துவிட்டு, மை போகவில்லை என்று தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டுவிட்டார். இப்போது கேனும் காலி. "கண்ணு எரியுதுய்யா! தண்ணி! தண்ணி கொண்டாங்கய்யா!"

காலையில் தண்ணீரில்லாமல் மை மட்டும்தான் இருந்தது. இப்போது மையும் நுரையும் இருந்தன. கேட்டுக்கு வெளியே கூட்டம் இன்னும் நெருங்கியதில், ஒன்பதாவது கேன் உள்ளே வர வழியே இல்லை.

கூடத்துக் கடிகாரம் நாலு அடித்தது. கடை ஏழு மணிக்குச் சாத்துவார்கள். 

"நீயே போய் உண்மையைச் சொல்லிடு," என்றார் உதவியாளர். "உள்ள யாரும் இல்ல, நீ பாக்கி வாங்க வந்தேன்னு சொல்லு. தண்ணியைப் பத்தி மட்டும் மூச்சு விடாதே."

பிளம்பர் வாழ்க்கையில் மைக்கில் பேசியதில்லை. கேட்டைத் தாண்டியதும் பதினாறு மைக் ஒன்றாக அவர் வாய்க்கு வந்தன.

"உள்ள நாப்பது பேரெல்லாம் இல்லம்மா. சத்தியமா இல்ல. எனக்கு இந்த வீட்டுல வரவேண்டிய பாக்கி இருக்கு. அதைக் கேக்க வந்தேன். அவ்வளவுதான்."

"எவ்வளவு பாக்கி?"

"ஆறாயிரத்து எண்ணூத்தி நாப்பது."

எல்லாரும் ஒரு மூச்சு இழுத்தார்கள்.

"யாருக்குப் போகவேண்டிய பணம் அது?"

"எனக்கு வந்தா நான் முதலாளிக்குக் குடுத்துடுவேன். எனக்கு ஒத்தை ரூபா நிக்காது. நடுவுல கை மாத்தி விடறவன்தான் நான்."

"யாரு அந்த முதலாளி?"

"அவரு பேரை எல்லாம் எதுக்கும்மா இழுக்கறீங்க? பணம் வரலைன்னா இன்னைக்கு ஏழு மணிக்கு என் கதை முடிஞ்சிடும்."

பிளம்பர் உள்ளே திரும்பி வருவதற்குள் டிவியில் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தலைப்பு: 'ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது: ரூபாயா, கோடியா?'

ஒருவர் மேசையைத் தட்டினார். "ஒரு அமைச்சர் வீட்டில் ஆறாயிரம் ரூபாயைப் பாக்கி வைப்பார்களா? சாதாரணக் குடும்பத்தில்கூட வைக்க மாட்டார்கள். ஆகவே அது கோடி!"

இன்னொருவர், "இவர் வைப்பார் ஐயா, இவர் குணம் எனக்குத் தெரியும், அது ரூபாய்தான்" என்றார். அவர் தலைவரின் பழைய நண்பராம். அவரைப் பேசவிடவில்லை.

மூன்றாமவர், அந்த முதலாளி எந்த நாட்டில் ஒளிந்திருக்கிறார் என்று தனக்குத் தெரியும், இப்போது சொல்ல முடியாது என்றார்.

பிளம்பர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "கோடிங்களா? ஐயா, அதுல எத்தனை சைபருங்க?"

"எனக்குத் தலை சுத்துதுய்யா, எண்ண வெக்காதே," என்றார் உதவியாளர்.

"நுரை காயுதுய்யா!" என்றது குளியலறை.

பிளம்பர் தன் சாமான் பையைப் பார்த்தார். காலையிலிருந்து அந்தப் பையை இந்தக் கேமராக்கள் பார்த்த பார்வையை நினைத்துப் பார்த்தார். நாள் முழுக்க அவர் உண்மையைச் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. இனி உண்மை பேசிப் பிரயோசனம் இல்லை என்று அவருக்குப் பட்டது.

"ஐயா, கறுப்புக் கண்ணாடி இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"போட்டுக்கங்க. இந்தப் பையைத் துண்டு போட்டு மூடித் தூக்கிக்கங்க. பின்பக்கக் கதவு வழியா வெளிய போய், ரெண்டு பக்கமும் பாத்துட்டு, வேகமா நடங்க. ஓடக்கூடாது, நடக்கணும். யாரு கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது."

"எவ்வளவு தூரம்?"

"மூச்சு இருக்கிறவரைக்கும்."

பையிலிருந்து வால்வுச் சாவியை மட்டும் உருவிக்கொண்டு மீதியை அவர் தோளில் ஏற்றினார். ரெஞ்சின் கனத்தில் உதவியாளர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அது நன்றாகவே இருந்தது. ஆறாயிரம் கோடி நேராக நடக்கவிடுமா?

ஐந்தே நிமிடம். "பின்பக்கம்! பின்பக்கம்!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள். கேமராக்காரர்கள் ஓடினார்கள், நிருபர்கள் ஓடினார்கள், ஒயரில் தடுக்கி விழுந்தவர் எழுந்து ஓடினார். வேன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிளம்பின. மூன்று நாளாக இடத்தைக் காத்த டிரைவர்தான் எல்லாருக்கும் முன்னால் பறந்தான்.

தெரு காலியானது. நிருபர் பெண் மட்டும் நடைபாதையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ போகலையாம்மா?"

"கால் வீங்கிடுச்சு அண்ணே. அது கோடியா இருந்தா என்ன, லட்சமா இருந்தா என்ன. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கணும்."

பிளம்பர் சிலாப்பை நெம்பித் தூக்கினார். குனிந்து பார்த்தார். வால்வு கெடவில்லை, அடைக்கவில்லை. இறுக்கி மூடியிருந்தது. அவ்வளவுதான்.

திருகுகிற சக்கரத்தை வைத்தால் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று, எந்த வீட்டிலும் அவர் அதை வைப்பதில்லை. நீளச் சாவியை விட்டுத்தான் திருப்பவேண்டும். தண்ணீர் இலாகா ஆட்களிடமும் இப்படிச் சாவி உண்டு. அவர்களில் யாரோ மூடிவிட்டுத் திறக்க மறந்து போயிருக்கிறான் என்று பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டார். அமைச்சருக்கே தண்ணீரை நிறுத்திய இலாகா!

சாவியை விட்டுத் திருப்பினார். மண்ணுக்கடியில் தண்ணீர் உறுமிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் கேட்டது. பிளம்பர் எத்தனையோ வீட்டில் தண்ணீர் வரவைத்திருக்கிறார். ஓர் அமைச்சர் இப்படிக் கூவி அவர் கேட்டதில்லை.

ஆறு மணிக்குத் தலைவர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மை போகத் தேய்த்ததில் நெற்றி தக்காளியாகச் சிவந்திருந்தது. அதற்குள் திரும்பிவந்துவிட்ட டிவிக்காரர்கள் அதைத் 'தியாகச் சிவப்பு' என்றார்கள். பின்பக்கமாகப் போன உதவியாளரை மூன்று தெரு தள்ளி மடக்கி, பையைத் திறந்து, ரெஞ்சை நாலு கோணத்தில் காட்டிவிட்டு, பையோடு அவரையும் அழைத்துக்கொண்டுதான் அவர்கள் வந்திருந்தார்கள்.

"மூன்று நாள் நான் மக்களைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்தேன்," என்றார் தலைவர். "குறிப்பாக, தண்ணீரைப் பற்றி. வேறெதையும் என்னால் நினைக்கவே முடியவில்லை."

அன்றைக்குத் தலைவர் பேசியதிலேயே முழு உண்மை அது ஒன்றுதான்.

"அந்த ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது?" என்று மைக்குகள் கேட்டன.

தலைவர் பிளம்பரை அணைத்துத் தன் பக்கம் இழுத்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி, அவர் கையில் வைத்தார். ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. 'ஏழைத் தொழிலாளிக்குத் தலைவர் உதவிக்கரம்!' என்று எழுத்து ஓடியது. தன்னுடைய பணத்துக்குத் தானே கும்பிடு போட்டு நன்றி சொன்னார் பிளம்பர். மணி ஆறேகால். வாதாட நேரமில்லை.

ஹார்டுவேர் கடை முதலாளி பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். பிளம்பரைக் கண்டதும் மறுபடி மேலே ஏற்றினார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க. டீ சொல்லட்டுமா? நாள் பூரா டிவியில உங்களைத்தான் பாத்தேன். நேத்து நான் ஏதாவது பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க."

நேற்றுவரை 'நீ'. பிளம்பர் பணத்தை மேசைமேல் வைத்தார். முதலாளி எண்ணினார், கணக்கின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு மேசைமேல் குனிந்து, "அந்த முதலாளி, அந்த முதலாளின்னு டிவியில சொல்றானே, அது யாருங்க? எங்கிட்ட மட்டும் சொல்லுங்களேன்," என்றார்.

பிளம்பர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ரொம்பப் பெரிய இடம்," என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

வீட்டில் டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பார்த்த அதே நாலு பேர். 'மூன்று நாள் நாட்டையே ஆட்டிப்படைத்த சூத்திரதாரி யார்? எதிர்க்கட்சியா? வெளிநாட்டுச் சதியா?' ஒருவர் மேசையில் ஏறி நிற்காத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார்.

பிளம்பர் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தார். "குடுத்துட்டாங்கடி. கடைக் கணக்கும் தீர்ந்துது. ஒரு கோடு போட்டுட்டாரு. அப்பா... நீ சொன்ன மாதிரியே இன்னைக்குப் போனது நல்லதாப் போச்சு."

"அதான் சொன்னேனே," என்றாள் மனைவி. டிவியை நிறுத்தினாள். இனி அதில் பார்க்க ஒன்றுமில்லை என்பது போல. அவர் சாமான் பையை ஓரமாக வைக்கப் போனவள், அதிலிருந்த வால்வுச் சாவியை மட்டும் எடுத்துக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டினாள்.

"அந்த வக்கீல் வீட்டு வால்வை நான் மூடி இன்னைக்கோட ரெண்டு நாள் ஆச்சுங்க. அவங்க வீட்டு வாசல்ல டிவிக்காரன் நிக்க மாட்டான், நாளைக்கே கூப்பிட்டுடுவாங்க, நீங்க போய் பணத்தை வாங்கிட்டு வந்துடுங்க."